ஹால் சுவரும் ஈஸ்ட் பாட்டிலும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் வாழ்க்கையின் முக்கியமான தீர்மானங்களை எல்லாம் குளியலறையில்தான் எடுப்பார். அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். அன்று காலை தலையில் மூன்றாவது குவளைத் தண்ணீர் விழுந்தபோது எடுத்த தீர்மானம் இது: ஹால் சுவரை விட்டுக்கொடுப்பதில்லை. உயிரே போனாலும் மீன் தொட்டி அங்கேதான் இருக்கும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து, இதை மனைவியிடம் அறிவிக்க வாயைத் திறந்தார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே என்ன என்று கேட்டாள். துண்டு ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதை வைத்து அவரைக் கோழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெளியே அவர் புலி. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக ஊரைச் சுற்றுகிறவர். எதிரே லாரி வந்தாலும் குரல் ஒரு சுருதிகூட ஏறாது. காரணம், அந்த வண்டியில் அவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக் இருக்கிறது. வீட்டில் அந்த இன்னொரு பிரேக் மனைவியின் காலடியில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சுவர் விவகாரம் இதுதான். மனைவி வீட்டிலேயே பன் சுட்டு நாலு டீக்கடைக்கும் ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனுக்கும் கொடுத்து வந்தாள். சமையலறையில் இருந்த சின்ன ஓவனில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பன்தான் வேகும். நாற்பத்தெட்டு வேகிற பெரிய ஓவன் ஒன்றின் மேல் அவளுக்குக் கண். சமையலறையில் அதற்கு இடம் இல்லை. அவ்வளவு மின்சாரம் தாங்குகிற தடிமனான பிளக் பாயின்ட் வீட்டிலேயே ஹால் சுவரில் ஒன்றே ஒன்றுதான். அதை மறைத்துக்கொண்டு, இரும்பு ஸ்டாண்டின் மேல், நாலடி நீளத்துக்கு மாஸ்டரின் தொட்டி உட்கார்ந்திருந்தது.

தொட்டியில் ஏழு மீன்கள் உண்டு. ஆனால் மாஸ்டருக்கு மீன் முக்கியமில்லை. தண்ணீருக்குள் வளரும் செடிதான் அவருக்கு உயிர். மீன் எல்லாம் செடிக்குப் பேச்சுத் துணை. அந்தச் செடிகள்தான் இப்போது மானத்தை வாங்கின. இலை மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, தண்டு வழுவழுத்து, பார்க்கிறவர்கள் துக்கம் விசாரிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டன.

"அந்தத் தொட்டியில என்னதான் இருக்குன்னு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"செடி."

"செத்த செடி."

"கொஞ்சம் சோர்ந்திருக்கு. அவ்வளவுதான்."

"மூணு நாள் ஆன கீரைக்கட்டு இப்படித்தாங்க இருக்கும். நான் அதைக் குப்பையில போடறேன். நீங்க லைட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த ரோஷம் போவதற்குள் சவால் விட்டார். செடியைப் பச்சைப் பசேலென்று ஆக்கிக் காட்டுவதாகச் சொன்னார். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அண்ணன் சாப்பிட வருகிறார். அவர் பார்த்துச் சொல்லட்டும். பச்சை என்றால் தொட்டி இருக்கும், சுவரைப் பற்றி இனி மூச்சு விட மாட்டாள். இல்லை என்றால் திங்கட்கிழமை தொட்டி கிளம்ப வேண்டும்.

அண்ணன் என்றதும் மாஸ்டரின் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. மச்சான் சாதாரண ஆள் இல்லை. டிரைவிங் டெஸ்ட் வைத்து லைசன்ஸ் கொடுக்கிற ஆபீசர். மாஸ்டர் பழக்கிவிடும் ஒவ்வொருவரும் அவர் முன்னால்தான் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். மாஸ்டர் சொல்லிக்கொடுக்கும் உரிமையைப் புதுப்பிக்கிற காகிதத்திலும் அவர் கையெழுத்துதான். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. சொந்தப் பெண்டாட்டியையே இரண்டு தடவை ஃபெயில் ஆக்கியவர். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எப்படிச் சாப்பாடு கிடைத்தது என்று மாஸ்டர் பல நாள் யோசித்திருக்கிறார்.

சரி, அப்படிப்பட்டவர் தீர்ப்பு சொன்னால் அப்பீல் இல்லை, அதுவும் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டு நேராக மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் விவரத்தைக் கேட்டுவிட்டு, செடிக்குப் பசி என்றார். வெளிச்சம் மட்டும் போதாதாம், மூச்சுக்குக் கரியமில வாயு வேண்டுமாம். அதற்கென்று இரும்பு சிலிண்டர் விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் மாஸ்டருக்கே மூச்சு நின்றது. அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட கடைக்காரர் ஏழைகளின் வழி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு கப் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டு ஒரு டியூப். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். காற்று டியூப் வழியாகத் தொட்டிக்குப் போகும். முனையில் ஒரு சின்ன நுரைக்கல்லை மாட்டினால் பொடிப்பொடிக் குமிழாக வரும்.

ஈஸ்ட் எங்கே கிடைக்கும் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவர் வீட்டு அலமாரியில் இரண்டாம் தட்டில், சிவப்பு மூடி போட்ட டப்பாவில் அது இருந்தது.

விடிந்ததும் மனைவி டீக்கடைகளுக்குப் பன் கொடுக்கப் போவாள். போய் வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் மாஸ்டரின் ராஜ்யம். முதல் நாள் ஆர்வக் கோளாறில் அரை ஸ்பூனுக்குப் பதில் மூன்று ஸ்பூன் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, ஸ்டாண்டின் திரைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் வந்து திரையை விலக்கிப் பார்த்தார். பாட்டிலில் பொங்கிய நுரை மூடியைத் தாண்டி, டியூப் ஏறி, தொட்டிக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. ஏழு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவரைத்தான் ஏதோ சொல்கின்றன என்று அவருக்குத் தோன்றியது. சாப்பிடாமல் பதினாறு வாளித் தண்ணீர் மாற்றினார். நல்லவேளையாக மனைவி அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் துணி காயப்போட்டதே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் முறை அளவு தப்பவில்லை. பாட்டிலில் முக்கால் பாகம், அரை ஸ்பூன் ஈஸ்ட். மறுநாள் காலை நுரைக்கல்லின் நுனியில் முதல் குமிழ் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. விநாடிக்கு ஒன்று வீதம் வந்துகொண்டே இருந்தன. மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். வேலைக்குப் போயும் எண்ணுவது நிற்கவில்லை. அன்று வண்டி பழகிய பேங்க்காரம்மாவிடம் "ரெண்டாவது கியர், ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு" என்று சொல்ல, அந்த அம்மா வேக வரம்பு என்று நினைத்து மிதித்துவிட்டாள்.

நாலாம் நாள் ஒரு ஆச்சரியம் நடந்தது. இலைகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கையொன்று முத்து கோத்து வைத்தது போலக் காற்றுப் பொட்டுகள். செடி மூச்சு விடுகிறது. மாஸ்டர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் கண் கலங்கியது. கல்யாண நாளன்றுகூட அப்படிக் கலங்கவில்லை, அன்று கலங்கியதற்குக் காரணம் ஹோமப் புகையா பயமா என்று இன்றுவரை தெரியாது.

ஒரே ஒரு தொல்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை நுரைக்கல்லில் வழுவழுப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். குமிழ் நின்றுவிடும். மாஸ்டர் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கல்லைக் கழற்றிவிட்டு, டியூபை வாயில் வைத்து ஒரே உறிஞ்சு. அடைப்பு விடும். கூடவே கொஞ்சம் புளித்த நுரையும் வரும். ஜன்னலுக்கு வெளியே துப்பிவிடுவார். மெக்கானிக்குகள் பெட்ரோல் டியூபை உறிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இதையெல்லாம் மனைவி சமையலறையில் இருக்கும்போதே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் செய்துவிடுவதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"இந்த ஈஸ்ட் டப்பா என்னங்க, இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்று ஒரு நாள் அவள் பொதுவாகக் கேட்டாள்.

"வெயில் காலமில்லையா" என்றார் மாஸ்டர்.

"அப்படியா" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள். கடவுள் தன் பக்கம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொட்டியைப் பார்த்தால் கண் கூசும் பச்சை. புதுத் துளிர்கள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டன. மாஸ்டர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வெற்றி உரையை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். குமிழ் நின்றிருந்தது.

முத்து முத்தாகக் குமிழ் ஏறும்போது மச்சான் பார்க்க வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடு. மனைவி உள்ளே பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் முதுகைத் திருப்பினார், கல்லைக் கழற்றினார், டியூபை வாயில் வைத்தார். உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினார். கன்னம் ஒட்டிப்போனது. மூச்சையெல்லாம் திரட்டி மூன்றாவது தடவை இழுத்தபோது, உள்ளே எதுவோ சட்டென்று விடுபட்டது. வெளியேற வழியில்லாமல் பாட்டிலுக்குள் அடைபட்டிருந்த அத்தனை காற்றும், பன்னிரண்டு நாள் புளித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவர் வாய்க்குள் பாய்ந்தது.

வாய் நிறைந்து, கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. டியூபைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அழைப்பு மணி அடித்தது. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. மச்சான் ஒரு தடவை மணி அடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?"

வீட்டுக்கு வந்த ஆபீசர் முகத்துக்கு நேரே துப்ப முடியுமா? மாஸ்டர் விழுங்கினார். தொண்டை முதல் அடிவயிறு வரை நெருப்புக் கோடு ஒன்று இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்ட, சௌக்கியம் என்று தலையை ஆட்டினார்.

மச்சான் வண்டியைச் சோதிக்கிற பாணியில் தொட்டியைச் சோதித்தார். முன்னால் நின்று பார்த்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். அடைப்பு விட்ட டியூபிலிருந்து குமிழ்கள் கொப்பளித்தன. இலைகள் ஆடின. மனைவியும் வந்து நின்றாள். மச்சான் நிமிர்ந்து, பச்சைதான், இதில் சந்தேகமே இல்லை, பாஸ் என்றார்.

மாஸ்டர் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஜெயித்தார். நெஞ்சு நிமிர்ந்தது. வெற்றி உரையைத் தொடங்க மச்சானை நெருங்கி, வாயைத் திறந்தார்.

மச்சானின் மூக்கு ஒரு தடவை துடித்தது. முகம் மாறியது. தோள்பையைத் திறந்து, கைக்கடக்கமான ஒரு கருவியை எடுத்தார். டெஸ்ட்டுக்கு வருகிறவர்கள் மேல் சந்தேகம் வந்தால் நீட்டுவாரே, அதே கருவி.

"ஊதுங்க மாப்பிள்ளை."

"மச்சான், நான் போய்... எனக்கு அந்த வாடையே ஆகாது."

"ஊதுங்க."

ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி கீச்கீச்சென்று கத்தியது. மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்க இது" என்று ஈனக் குரலில் கேட்டாள். கேட்ட விதத்தில் மாஸ்டருக்கே ஒரு நிமிஷம் தான் குடிகாரன்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அவர் சொல்லாத விளக்கம் இல்லை. திரையை விலக்கிப் பாட்டிலைக் காட்டினார். சர்க்கரை என்றார், ஈஸ்ட் என்றார், காற்று என்றார், இலை என்றார், டியூப் என்றார். பேசப் பேச வாடை இன்னும் நன்றாக வந்தது.

மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா ஊதச் சொல்றேன். இருமல் மருந்துன்னு சொல்லிருக்கான். பல்வலிக்கு வெச்சதுன்னு சொல்லிருக்கான். செடி வளர்க்கக் குடிச்சேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். அதுவும் வீட்டுலயே காய்ச்சி. நான் இதைக் கண்டும் காணாம இருக்க முடியாது மாப்பிள்ளை. அடுத்த மாசம் உங்க காகிதம் என் மேஜைக்கு வருது."

மாஸ்டருக்குக் காது அடைத்தது. பதினெட்டு வருஷத் தொழில். வாசலில் பலகையில் எழுதிய பெயர். கண்ணெதிரே எல்லாம் பின்பக்கமாக உருண்டு போவது போல இருந்தது. வலது கால் தரையை மிதி மிதியென்று மிதித்தது. ஒன்றும் நிற்கவில்லை.

மனைவி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஈஸ்ட் எப்படின்னு எனக்குத் தெரியும். நான் எடுத்துச் சொன்னா அண்ணன் நம்புவார்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"சொல்லும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

"சொல்லலாம். ஆனா மனசு ஒரு நிலையில இல்லைங்க. அந்தச் சுவரையே நினைச்சுக்கிட்டிருக்கு."

"நான்தான் ஜெயிச்சுட்டேனே. உங்க அண்ணனே பாஸ்னு சொன்னாரே."

"ஆமா, ஜெயிச்சீங்க. நான் இல்லைன்னு சொல்லலையே." அவள் பாத்திரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஹாலில் மச்சான் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"எடுத்துக்கோ" என்றார் மாஸ்டர்.

அதற்குப் பிறகு அவள் பேசியதைக் கேட்டு மாஸ்டர் மலைத்துப் போனார். ஈஸ்ட் என்றால் என்ன, எந்தச் சூட்டில் விழிக்கும், எந்தச் சூட்டில் சாகும், பன் உப்புவதும் பாட்டில் பொங்குவதும் எப்படி ஒன்றே, புளித்த தண்ணீரில் ஏன் அந்த வாடை வரும், எல்லாவற்றையும் அண்ணனுக்குப் புட்டுப் புட்டு வைத்தாள். இரண்டு கப் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட் என்று அளவுகூடச் சரியாகச் சொன்னாள். வாயில் பட்டதுதான் கருவியில் காட்டுகிறது, வாய் கொப்பளித்து அரை மணி கழித்து ஊதினால் தெரிந்துவிடும் என்றாள். மாஸ்டர் எட்டுக் குவளைத் தண்ணீரில் கொப்பளித்தார். அரை மணி கழித்து ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது. தங்கச்சி சொன்னதால் தப்பித்தீர்கள் என்று சொல்லிவிட்டு மச்சான் திருப்தியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை தொட்டி டிரைவிங் ஸ்கூல் அறைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஓவன் வந்தது. ஆர்டர் கொடுத்தால் பத்து நாளாகும் என்று கேள்விப்பட்டிருந்தோமே என்று மாஸ்டர் லேசாக ஆச்சரியப்பட்டார். புதன்கிழமை டியூபைக் கழுவ எடுத்தபோதுதான் அந்த ஆச்சரியத்துக்குப் பதில் கிடைத்தது.

டியூபின் வளைவில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாவு. பாதிதான் இருந்தது, மீதிப் பாதி அன்று அவர் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அதன் நடுவில் ஒரு எள். எந்த நீர்ச் செடியிலும் எள் காய்ப்பதில்லை. அவர் மனைவி மட்டும் பன்னின் மேல் எள் தூவுவாள்.

வண்டி பழக வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் பறந்தார். ஹால் சுவரோரம் ஓவன் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பத்தெட்டு பன்.

"இது என்ன?" என்று உள்ளங்கையை நீட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். "பன் மாவு. காஞ்சுபோச்சு."

"டியூபுக்குள்ள எப்படிப் போச்சு?"

"நான்தான் வெச்சேன். நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தீங்க."

மாஸ்டர் அதிர்ந்து போனார். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கு ஐந்து கேள்வி தயாரித்து வந்திருந்தார். ஐந்தும் வீணாகிவிட்டன.

"நான் உறிஞ்சுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு தடவை உறிஞ்சினீங்க. நாலு தடவையும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தொட்டிக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. தொட்டிக் கண்ணாடியில நல்லாவே தெரிஞ்சுது."

"என் தொழிலே போயிருக்குமே."

"போக விட்டேனா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் அத்தனையும் மாஸ்டருக்கு ஒரே சமயத்தில் வந்தது. இப்பவே மச்சானுக்கு ஃபோன் போடப் போவதாகச் சொன்னார். அவர் நேர்மையான மனிதர், பெண்டாட்டி என்றே பார்க்காதவர், தங்கச்சி என்று பார்க்க மாட்டார், சுவர் எனக்கே என்று தீர்ப்புச் சொல்வார் என்று கத்தினார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

அவள் அடுத்த தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நேரத்தைத் திருகி வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"தாராளமா போடுங்க. அப்படியே, லீவு நாள்ல தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வர்ற மனுஷன் ஊதுற மெஷினைப் பையில போட்டுக்கிட்டு ஏன் வந்தார்னும் கேட்டுடுங்க."